சந்தனப் பொட்டும் சிவப்புக் கட்டமும்

சிடியில் எது முகம், எது முதுகு என்று எனக்கு வெகுநாள் தெரியாது. உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், பிள்ளைகளா. நீங்கள் படம் பார்ப்பதெல்லாம் போனில். சிடியைக் கையில் வாங்கிப் பார்த்தீர்களோ என்னவோ. தோசை மாதிரி வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். ஒரு பக்கம் கண்ணாடி போல மினுங்கும், சாய்த்தால் வானவில் ஓடும். இன்னொரு பக்கத்தில் யார் வீட்டு விசேஷம், எந்த மாதம் என்று பேனாவால் எழுதிவைப்போம். அதற்குள் ஒரு கல்யாணமே இருக்கிறது என்று சொன்னபோது முதலில் நானும் நம்பவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. புரட்டாசி முடியும் முன்னமே மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் குளமாகிவிடும். குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு ஆளுக்கொரு பிழைப்பைத் தேடிப் போவோம். சிலர் ஆரோவில் பக்கம் கட்டட வேலைக்குப் போவார்கள், சிலர் கிளியனூர்ப் பக்கம் நடவுக்குப் போவார்கள். நான் மரக்காணத்துக் கடைத்தெருவில் இருந்த ஒரு ஸ்டுடியோவுக்குப் போவேன். கல்யாணங்களில் வீடியோ எடுக்கும்போது லைட் பிடிக்கிற வேலை. விசேஷம் இல்லாத நாளில் கடையைப் பெருக்கிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஸ்டுடியோக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரே டேப்பில் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார். ஒரு வீட்டு விசேஷத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடியில் போட்டு வீட்டாருக்கு ஒன்று கொடுத்து, கடைக்கென்று ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அந்த டேப்பின் மேலேயே அடுத்த வீட்டுக் கல்யாணம் ஏறிவிடும், கம்ப்யூட்டரில் இருப்பதையும் இடம் போதாமல் அழித்துவிடுவார். அதனால் கடையில் இருக்கும் சிடிதான் எல்லாவற்றுக்கும் வேர். அது போனால் ஒன்றுமில்லை.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவினோம். கேமராவுக்குப் பொட்டு, லைட் ஸ்டாண்டுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு. கத்தரிக்கோலைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்து திரும்பினால் அலமாரியில் சிடிகள் இருந்தன. ஒரு வட்டப் பெட்டியில், நடுவில் இருக்கிற குச்சியில் கோத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்போம்.

"நம்ம சோறே இதுலதான்பா இருக்குது. இத எப்பிடி உடறது?" என்றார் அண்ணன்.

"அண்ணே, மினுங்கற பக்கம் வெச்சிடாதீங்க" என்றேன், கையில் சந்தனக் கிண்ணத்தோடு.

"எனக்குத் தெரியாதாடா? மெஷின் படிக்கிறது மினுங்கற பக்கம். நான் வெக்கிறது எழுதற பக்கம். முதுகுல பொட்டு வெச்சா என்னா கெட்டுடப் போவுது?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒவ்வொரு சிடியின் முதுகிலும் ஈரச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். வைத்த கையோடு மறுபடியும் குச்சியில் கோத்து அடுக்கி, கற்பூரம் காட்டினோம். மழைக் காற்று, கடல் காற்று, இரண்டும் சேர்ந்து அந்த வாரம் முழுக்க எதுவும் காயவில்லை. கயிற்றில் போட்ட துணி கூட நாறிப்போனது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். பாய் வீட்டு மருமகள், கடைத்தெருவுக்குப் பின்னால்தான் வீடு. அவளுடைய புருஷன் சவூதியில் இருந்தான். இவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது போனவன், பிறந்த பெண் குழந்தையை இன்னும் நேரில் பார்க்கவில்லை. கோடையில் அந்தக் குழந்தைக்கு நாற்பதாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தபோது நாங்கள்தான் வீடியோ எடுத்தோம். லைட் பிடித்தவன் நான்.

"அண்ணே, அந்த சிடிய சவூதிக்குப் போறவங்க கிட்ட குடுத்து உட்டோம். பெட்டிக்குள்ள அமுங்கி ரெண்டா ஒடஞ்சி போய்ச் சேந்துருக்குது. அவங்க ரெண்டு துண்டையும் வெச்சிப் பாத்துக்கினு இருக்காங்களாம். இன்னொண்ணு போட்டுக் குடுங்க. எங்க மச்சானோட சேக்காளி ஒருத்தரு வெள்ளிக்கெழம பிளைட்டு ஏர்றாரு. பெருநாளுக்கு முந்தி அவங்க கையில கெடைக்கணும்."

"இவ்ளோதானே? உக்காரும்மா, அஞ்சு நிமிசம். ஏம்பா, டீ சொல்லு" என்றார் அண்ணன்.

"நோம்புண்ணே."

"அடடா, மறந்தே பூட்டேன். நீ எனக்கு மட்டும் சொல்லுப்பா."

அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். சிடி வரவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தனம் பசை மாதிரி பிடித்திருந்தது. அண்ணன் வாங்கி இழுத்தார். சட்டென்று விடுபட்டது. பெயர் பார்த்துத் தேடி எடுத்து, துணியால் துடைத்து, கம்ப்யூட்டரில் போட்டார். படம் வந்தது. ஆனால் காப்பி போடச் சொன்னால் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டு, ஏதோ இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. மறுபடி போட்டோம். அதே இடம், அதே எழுத்து.

"நாளைக்கு வாம்மா" என்றார்.

அவள் போனதும் அண்ணன் என்னை ஸ்டூலில் இருந்து நாற்காலிக்கு மாற்றினார். கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் இருந்தது. சிடியைப் போட்டு அதை ஓடவிட்டால் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரம்பும். மேட்டில் நின்று பார்த்தால் உப்புப் பாத்திகள் தெரியுமே, அந்த மாதிரி. நல்லபடியாகப் படிக்க முடிந்தால் கட்டம் பச்சை. தட்டுத் தடுமாறிப் படித்தால் மஞ்சள். படிக்கவே முடியாவிட்டால் சிவப்பு.

"பெட்டியில இருக்கறது எல்லாத்தையும் போட்டுப் பாரு. பச்சையா வந்தா பிஸ்கட் அட்டப்பெட்டி. செவப்பு வந்தா சோப்பு அட்டப்பெட்டி. கலர் தெரியுமில்ல உனக்கு?"

"எட்டாவது படிச்சிருக்கேண்ணே."

"அதுல கலர் சொல்லிக் குடுத்தாங்களான்னு கேட்டேன்."

சரி என்று உட்கார்ந்தேன். எளிய வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் பாருங்கள், அன்றைக்குப் பிடித்த குழப்பம் இன்றுவரை முழுசாக விட்டபாடில்லை. தரையில் விழுந்து, நாற்காலிக் கால் ஏறி, மினுங்கும் பக்கம் பூராவும் கீறலாக இருந்த ஒரு சிடியைப் போட்டேன். எல்லாம் பச்சை! பாய் வீட்டுச் சிடியோ கீறலே இல்லாமல் பளபளவென்று இருந்தது. அதில் நடுவில் ஒரு பட்டையாகச் சிவப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழகாக இருக்கிறவன் நோயாளியாகவும் அடிபட்டுக் கிடக்கிறவன் ஆரோக்கியமாகவும் இருக்கிறானே என்று மண்டை காய்ந்தது.

கீழே இருந்த சிடியின் சந்தனம் அதற்கு மேல் அடுக்கிய சிடியின் மினுங்கும் பக்கத்தில் ஒட்டிக் கறையாக இருந்தது அல்லவா? அதனால்தான் என்று முடிவு கட்டினோம். ஈரத் துணியால் கறையைத் துடைத்துப் போட்டால் சில சிடிகள் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். பிஸ்கட் பெட்டி நிறைந்துகொண்டு வந்தது. ஆனால் பாய் வீட்டுச் சிடி மட்டும் எத்தனை துடைத்தும் அந்தச் சிவப்புப் பட்டையை விடவில்லை. அண்ணன் பற்பசை கொண்டுவந்தார்.

"வெள்ளப் பேஸ்ட்டுதான் கேக்கும். கலர் பேஸ்ட்டு ஆவாது" என்று சொல்லி, பாத்திரம் துலக்குகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கழுவித் துடைத்துப் போட்டோம். சிவப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக மஞ்சள் வேறு.

"தேச்சதுல நோய் பரவிடிச்சாண்ணே?"

"வாய மூடு."

சாயங்காலம் கரண்ட் போனது. மழை வெளியே கொட்டுகிறது, கடைக்குள் இருட்டு. அண்ணன் டார்ச்சை அடித்துக்கொண்டு மெழுகுவத்தி தேடினார். நான் அந்தச் சிடியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். டார்ச் வெளிச்சம் என் பக்கம் திரும்பியபோது என் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. உளுந்து அளவுதான் இருக்கும்.

"அசையாத" என்றார் அண்ணன்.

சிடியை வாங்கித் திருப்பினார். வெளிச்சம் சிடியைத் தாண்டி வந்திருக்கிறது. மினுங்கும் பக்கத்தைத் தடவினால் வழவழவென்று இருந்தது, ஓட்டை எதுவும் இல்லை. முதுகில், பொட்டு வைத்த இடத்தில், வெள்ளிப் பூச்சு பெயர்ந்து வெறும் பிளாஸ்டிக்காகத் தெரிந்தது. ஒட்டியிருந்ததை இழுத்தபோது சந்தனத்தோடு வெள்ளியும் பொருக்காகக் கூடவே வந்துவிட்டிருந்தது.

"படிக்கிறது கீழதானே?" என்றேன்.

"கீழதான்."

"பொட்டு வெச்சது மேல."

"மேலதான்."

"அப்பறம் எப்பிடிண்ணே?"

அண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன். 

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் உங்களில் பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டு சரி செய்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தக் கண்ணாடியில மொகம் தெரியறது முன்னாலதான். ரசம் பூசியிருக்கறது பின்னாலதானே? பின்னால சொரண்டிட்டா முன்னால எங்க தெரியும்?" என்றாள்.

நான் அப்படியே நின்றேன். சிடியும் அப்படித்தானா? நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான், தப்பாகவும் இருக்கலாம்: மினுங்கும் பக்கத்தில் கைக்குத் தட்டுப்படுவது கனமான பிளாஸ்டிக், ஜன்னல் கண்ணாடி மாதிரி. படமாகப் பதிந்திருப்பதெல்லாம் அதற்கும் மேலே, பெயர் எழுதுகிறோமே, அந்த மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. மெஷின் கீழேயிருந்து ஜன்னல் வழியாக மேலே பார்க்கிறது. ஆக, நாங்கள் முதுகு என்று நினைத்ததுதான் உயிர்நிலை. தடித்த பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, மெல்லிய பக்கத்தில் பொட்டு வைத்திருக்கிறோம்.

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது அண்ணன் நடந்ததை மறைக்கவில்லை. கடையில் இருந்த ப்ளேயரில் போட்டுக் காட்டினார். படம் ஓடியது. குழந்தைக்கு முடி இறக்கினார்கள், அது வீறிட்டு அழுதது. பாய் சிரித்தார், பள்ளிவாசல் ஹஜரத் வந்து துவா ஓதினார். பிறகு அண்ணனுடைய குரல் கேட்டது: "வீட்டுக்காரருக்கு எதனா சொல்லும்மா." அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முக்காட்டைச் சரி செய்து, கேமராவைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள். படம் அங்கேயே நின்றுவிட்டது.

திறந்த வாயோடு டிவியில் அவள். எதிரே அதே மாதிரி திறந்த வாயோடு அவள்.

"அங்கதாண்ணே. அதான் அவங்களுக்குப் போய்ச் சேரணும். போன்ல பேசுனா எங்க மாமி பக்கத்துலயே உக்காந்துருப்பாங்க. 'நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா', அவ்ளோதான் பேச முடியும். அன்னைக்கி வெளிய எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியில இருந்தாங்க. அதனாலதான் சொன்னேன்" என்றாள்.

நான் அன்றைக்கு அங்கேதான் லைட் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பேசியதும் உண்டு. ஆனால் என் கவனமெல்லாம் லைட் சூடு குழந்தை மேல் படாமல் இருக்க வேண்டும் என்பதிலேயே இருந்தது. என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவே இல்லை. கேமரா பிடித்த அண்ணனுக்கும் இல்லை.

"அதுக்கென்னம்மா, இப்பவே கேமரா முன்னால நின்னு சொல்லிடு. நடுவுல ஒட்டிக் குடுத்துடறேன்."

"மாட்டேண்ணே. அன்னைக்கி தானா வந்துச்சு. இப்ப வந்து சொன்னா நடிச்ச மாதிரி இருக்கும். அவங்க கண்டுபுடிச்சிடுவாங்க."

அண்ணன் ப்ளேயரிலிருந்து சிடியை வெளியே எடுத்தார். பிறகு அவளே கேட்டாள்: "உங்க ப்ளேயர் நல்ல கம்பெனியா?"

"பின்ன? பஸ்ட் கிளாஸ் ஐட்டம்."

"அதான் நின்னுடுது. எங்க வீட்டுல பர்மா பஜார்ல வாங்கின டப்பா ப்ளேயர் ஒண்ணு இருக்குது. அது என்னா போட்டாலும் தாண்டித் தாண்டி ஓட்டிடும். எங்க மாமி அதுல தோசக்கல்ல வெச்சாக்கூட ஓடும்னு சொல்லுவாங்க."

அண்ணன் சிரித்தார். "கம்ப்யூட்டரே செவப்புன்னு சொல்லுது. உங்க டப்பா என்னாம்மா பண்ணும்?"

ஆனால் அவள் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மழையில் நனையாமல் பெரிய டர்க்கி டவலில், குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றி மார்போடு அணைத்து வந்தாள். அண்ணன் அதன் வயரை, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்றையும், கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த கார்டில் சொருகினார். சிடியிலிருந்து நேராகக் காப்பி போடாமல், ப்ளேயரில் ஓடுகிற படத்தையே கம்ப்யூட்டர் புதிதாகப் பிடித்துக்கொள்ளும். டேப்பிலிருந்து ஏற்றுகிறோமே, அதே வழி. வெள்ளிக்கிழமை பிளைட். அன்றைக்கு வியாழன்.

ஓடவிட்டோம். முடி இறக்கியாயிற்று, அழுதாயிற்று, துவா ஆயிற்று. "வீட்டுக்காரருக்கு எதனா சொல்லும்மா." அவள் கேமராவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். படம் நிற்கவில்லை! ஆனால் அவள் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறி, ஒரு கண் தாடைக்குப் போய், முக்காட்டின் பச்சை குழந்தையின் மொட்டைத் தலையில் ஏறி, எல்லாம் கலைந்து குதித்தது. "என்னங்க…" என்று கேட்டது. பிறகு 'டக் டக்' என்று ஒரு சத்தம், தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு இழுப்பு. அப்புறம் தெளிவாக "…சரியா?" என்று கேட்டது. கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து மறுபடியும் அவள் முகமாயின. முகம் சிவந்து சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தை கொட்டாவி விட்டது. படம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

திரும்பவும் ஓட்டினோம். கட்டங்கள் வேறு மாதிரி கலைந்தன, நடுவில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. மறுபடியும் ஓட்டினோம். "என்னங்க… சரியா?" அவ்வளவுதான்.

"இதுக்கு மேல வராதும்மா" என்றார் அண்ணன். அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பரவால்லண்ணே, போடுங்க. கூப்புட்டது கேக்குது. போதும்" என்றாள்.

ஒன்றுக்கு இரண்டாகப் போட்டோம். பெட்டியில் அமுங்காமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன்னால் அண்ணன் சொன்னபடி இரண்டையும் கட்டம் போட்டுப் பார்த்தேன். இங்கேதான் எனக்கு மறுபடியும் குழம்பிப்போனது. திரை முழுக்கப் பச்சை. ஒரு மஞ்சள்கூட இல்லை.

"அண்ணே, பச்சையா வருது!"

"புது சிடி, பச்சையாத்தான் வரும்."

"நடுவுல கிழிஞ்சிருக்குதே?"

"கிழிசல அது சரியா எழுதியிருக்குது. எழுதினத சரியா படிக்குது. அதான் பச்ச."

அப்படியானால் அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்? இவ்வளவு நாளாக நான் பிஸ்கட் பெட்டியில் போட்டதெல்லாம் நல்ல சிடிகளா, இல்லை ஏற்கெனவே போனதைப் பத்திரமாகக் காட்டுகிற சிடிகளா? அண்ணனிடம் கேட்டேன். "தலைய வலிக்குதுப்பா, போய் ஷட்டர இறக்கு" என்றார்.

பெருநாள் கழிந்து அவள் ஒரு தூக்கில் பிரியாணி கொண்டுவந்தாள். டவலில் சுற்றிய ப்ளேயரை வாங்கிப் போகவும்தான்.

"கெடச்சிடிச்சாம்மா?" என்று அண்ணன் முந்திக்கொண்டு கேட்டார்.

"கெடச்சிதுண்ணே. ரூம்ல எல்லாரும் சேந்து பாத்தாங்களாம். மறுபடியும் மறுபடியும் போட்டுப் பாத்தாங்களாம். போன் பண்ணி, 'அந்தக் கட்டம் வர்ற எடத்துல என்னா சொன்ன, என்னா சொன்ன'ன்னு ஒரே தொணதொணப்பு. மாமி வேற பக்கத்துல."

"நீ என்னா சொன்ன?"

"வந்து கேட்டுக்கங்கன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் தூக்கைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டே சிரித்தார். அவள் ப்ளேயரை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அண்ணன் அலமாரிக் கதவுக்கு மட்டும் பொட்டு வைத்தார். நான் பாய் வீட்டுப் பழைய சிடியைக் கையில் எடுத்துக்கொண்டு, இதை எதில் போட என்று கேட்டேன். கம்ப்யூட்டர் சிவப்பு என்கிறது, டப்பா ப்ளேயர் ஓட்டிக் காட்டுகிறது. பச்சையாக வந்த புதுச் சிடியில் விட்டுப்போன பேச்சு இதிலும் இல்லை. பிஸ்கட் பெட்டியா, சோப்புப் பெட்டியா? அண்ணன் பதில் சொல்வதற்குள், கையில் ஒரு பெண் குழந்தையைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு ஆள் கடைக்குள் வந்தார். பின்னால் அந்தப் பெண் நின்றாள். குடும்பமாக ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம்.

நான் சிடியை அலமாரியின் மேல் வைத்துவிட்டு லைட்டைப் பிடித்தேன். அந்தக் கட்டம் வந்த இடத்தில் அவள் என்ன சொன்னாள் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டாரா இல்லையா என்று இரண்டு பேர் முகத்தையும் வெளிச்சத்தில் நன்றாகத்தான் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.